புழுங்கலரிசியும் மனநோய் மருத்துவமனையும்

தொடக்கப் பள்ளியில் உணவைப் பற்றிய பாடம் நடத்தும்போது நாம் எல்லோரும் ஒரு வரியைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உயிர்ச்சத்து பி1 குறைந்தால் பெரிபெரி என்னும் நோய் வரும் என்பதே அவ்வரி. மாணவர் அதை ஏட்டில் எழுதிக்கொள்வர், தேர்விலும் எழுதிவிடுவர். அந்த ஒரு வரி உருவானதில் நம் மலாயா மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. அவ்வரலாற்றின் முதன்மையான பகுதி ஒன்று கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் விடுதியில் நடந்தது. அதற்குத் துணைநின்றது நம் முன்னோர் பானையில் வெந்த புழுங்கலரிசி. இவற்றை நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை. நம்மில் பலர் அறிந்ததும் இல்லை.

மன நோய்க்கு ஆளானவருடைய உடலைக் கவனிக்க வேண்டியவர் யார் என்னும் கேள்வி அந்த விடுதியில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுந்தது. இன்றும் அது முழுவதும் தீர்ந்தபாடில்லை. ஆதலின் பழங்கதையாக மட்டும் அல்லாமல், நம் தோட்டப்புற வாழ்வோடு ஒட்டிய செய்தியாகவும் இதனைக் காண்போம்.

பித்து என்னும் சொல்

மன நோயைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பழஞ்சொற்களுள் ஒன்று பித்து. பித்தன், பித்துக்கொள்ளி, பித்துப் பிடித்தவன் என்று அச்சொல் பலவாறு கிளைத்துள்ளது. இதன் வேர் பித்தம் என்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாதம், பித்தம், ஐயம் என்று மூன்றை உடலின் அடிப்படையாகக் கொண்ட நம் மருத்துவ மரபு, அறிவு தடுமாறுவதையும் உடலிலிருந்தே தொடங்கிப் பார்த்தது. அம்முக்கூற்றுக் கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொள்வதில்லை. எனினும், மனம் வேறு உடல் வேறு என்று இரண்டையும் கூறுபோடாத பார்வை அச்சொல்லுக்குள் இருக்கிறது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியே பேசுவதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

சொல்லில் இருந்த அவ்வொருமை வாழ்வில் நிலைக்கவில்லை. நம் தோட்டங்களில் ஒருவரை ஏளனமாகப் பேசும்போது, ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்பர். தெற்கே மலாக்காவிலும் ஜொகூரிலும் தம்போய் என்னும் ஊர்ப்பெயரே அப்பொருளில் வழங்கியது. இரண்டும் மனநோய் மருத்துவமனைகள் இருந்த ஊர்கள். ஓர் ஊரின் பெயர் வசைச்சொல்லாக மாறிவிட்டால், அங்கே சென்றவருக்குக் கால்வலி வந்ததா, காய்ச்சல் வந்ததா என்று யார் கேட்கப்போகிறார்கள்? கேட்ட ஒருவரைப் பற்றியதே பின்வரும் வரலாறு.

மலாயாவைப் பிடித்த நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் விடுதிகளிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. முதலில் கால்கள் மரத்துப்போகும். கெண்டைக்கால் சதையைத் தொட்டால் வலிக்கும். நடை தள்ளாடும். சிலருக்கு உடல் முழுவதும் நீர் கோத்து வீங்கும். கடைசியில் இதயம் தளர்ந்து, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று இறந்துபோவார்.

அது கிருமிகளைப் பற்றிய அறிவு புதிதாகப் பரவிய காலம். பாஸ்டரும் கோக்கும் கண்டவற்றால் மருத்துவர் எங்கும் கிருமியையே தேடினர். பெரிபெரியும் ஒட்டுநோயே என்றும், அது கட்டடத்தின் தரையிலும் சுவரிலும் தங்கியிருக்கிறது என்றும் பலர் நம்பினர். டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் 1886-இல் அமைந்த ஆய்வுக்குழு படைவீடுகளைக் கிருமி போக்க மருந்திட்டுக் கழுவும்படி கூறியது. கழுவினர், நோய் போகவில்லை.

உணவின் பக்கம் திரும்பியவரும் சிலர் இருந்தனர். சப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி 1880-களில் மாலுமிகளின் உணவை மாற்றி நோயைக் குறைத்தார். ஜாவாவில் எய்க்மான் என்னும் மருத்துவர், மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் முடங்குவதைக் கண்டார். 1897-இல் வோர்டெர்மான் என்பவர் ஜாவாவின் ஏறக்குறைய 100 சிறைகளில் கைதிகள் உண்ட அரிசியை ஒப்பிட்டுப் பார்த்து, தீட்டிய அரிசிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். ஆயினும் மருத்துவ உலகம் அவர்களை முழுதும் நம்பவில்லை.

இந்நிலையில் நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த வில்லியம் லெனார்டு பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே நாட்டில், ஒரே வெயிலில், ஒரே மழையில் வேலை செய்தபோதும் சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிந்தனர். தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. தமிழர் செல்வத்தில் மிக்கவரும் அல்லர். வசதியான வீடுகளில் வாழ்ந்தவரும் அல்லர். அக்காலத் தோட்ட லயங்களின் நிலையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படியிருக்க, வேறுபாடு எங்கே இருந்தது? சோற்றில் இருந்தது. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்திய முறையில் அவித்துக் குற்றிய புழுங்கலரிசி.

பழைய பச்சரிசியில் ஒருவகை நஞ்சு சேர்கிறது என்பதே பிராடன் கொண்ட முடிவு. நஞ்சு என்றது தவறு. ஆனால் நோயின் வழி அரிசி என்றது சரி. தம் கருத்தை விரிவாக விளக்கி 1907-இல் நூல் ஒன்றை வெளியிட்டார். அதற்கு முன்பே அவர் கருத்தைச் சோதித்துப் பார்க்க மற்றொருவர் முனைந்தார்.

இரண்டு பிரிவுகள்

அம்மற்றொருவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் 1905-ஆம் ஆண்டில் பெரிபெரி கடுமையாகப் பரவிப் பலரை மாய்த்தது. மனம் தடுமாறியதற்காக அடைக்கப்பட்டவர்கள் கால் வீங்கி இறந்தனர். ‘பித்தர் தாமே’ என்று விட்டுவிடாமல், அவர்கள் உடலை நோக்கி அங்கே ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. பிளெட்சர் அரிசிக் கொள்கையைத் தொடக்கத்தில் நம்பியவர் அல்லர். நம்பாதவர் ஒருவர் நேர்மையாகச் சோதித்ததே இச்சோதனையின் சிறப்பு.

1905 டிசம்பரில் ஒரு நாள், விடுதியில் இருந்தோர் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினர். ஒற்றைப்படை எண் பெற்றோர் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்தில் தங்கினர். இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்குப் பக்கக் கட்டடத்தில் தங்கினர். கிழக்குப் பக்கத்தார்க்கு வழக்கமான சயாம் பச்சரிசிச் சோறு தொடர்ந்தது. மேற்குப் பக்கத்தார்க்கு அரிசியில் மட்டுமே மாற்றம். இந்தியப் புழுங்கலரிசிச் சோறு. மற்றக் குழம்பு, கறி, மீன் எல்லாம் இருசாரார்க்கும் ஒன்றே. 1906 இறுதிவரை இச்சோதனை நடந்தது. பின்னர் விடுதிக்கு வந்தவர்களும் இவ்வாறே பிரிக்கப்பட்டனர்.

கட்டடத்தில் ஒட்டியுள்ள கிருமியே காரணம் என்று யாரேனும் வாதிடலாம் அல்லவா? அதற்காக இடையில் இருசாராரையும் கட்டடம் மாற்றித் தங்கவைத்தனர். கிழக்கிலிருந்தோர் மேற்கே சென்றனர். மேற்கிலிருந்தோர் கிழக்கே வந்தனர். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை. பச்சரிசி உண்டவர்களோடு சேர்ந்து நடந்து போயிற்று.

ஆண்டு முடிவில் கணக்கெடுத்தனர். இரு பக்கத்திலும் ஏறத்தாழ 120 பேர் வீதம் இருந்தனர். பச்சரிசி உண்டோரில் பலருக்குப் பெரிபெரி கண்டது. அவர்களுள் 18 பேர் அந்நோயால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் பெரிபெரி இருந்தவர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்குள் வரும்போதே அந்நோயுடன் வந்தவர்கள். அந்நோயால் இறந்தவர் ஒருவரும் இல்லை.

பிளெட்சர் தம் கண்டுபிடிப்பை 1907-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். பச்சரிசியில் நஞ்சு இருக்கலாம். அல்லது அதில் ஏதோ ஒரு சத்துக் குறைவாக இருக்கலாம். அல்லது அக்குறைவால் உடல் தளர்ந்து வேறு கிருமி புக இடம் கொடுக்கலாம் என்று மூன்று வழிகளையும் திறந்தே வைத்தார். தம் முந்தைய எண்ணத்துக்கு மாறாக உண்மை வந்து நின்றபோது அதனை ஏற்றுக்கொண்டது ஆசிரியராகிய நமக்கும் பாடமாகும்.

இதனை அடுத்து, ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இதே சோதனையை நடத்தி 1909-இல் முடிவுகளை வெளியிட்டனர். 1910-இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஒப்புக்கொண்டது.

அவித்த நெல்லின் அருமை

நெல்லை ஊறவைத்து, அவித்து, வெயிலில் உலர்த்திக் குற்றுவது நம் தாய்மார் பரம்பரையாகச் செய்துவந்த வேலை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் புகுந்து படிகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அச்சத்தில் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். பச்சரிசியைத் தீட்டினாலோ, தவிட்டோடு சத்தும் போய்விடும்.

அந்தச் சத்து எது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1912-இல் ஃபங்க் என்பவர் ‘வைட்டமின்’ என்னும் பெயரை உருவாக்கினார். 1926-இல் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் பத்தாவியாவில் தவிட்டிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுத்தனர். 1936-இல் வில்லியம்ஸ் அதன் அமைப்பைக் கண்டு செயற்கையாகவும் ஆக்கினார். அதுவே தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் ஆயா புழுங்கலரிசிக் கஞ்சியைத்தான் வைப்பார். ‘பச்சரிசி பொங்கலுக்கு, புழுங்கலரிசி உடம்புக்கு’ என்பது அவர் பேச்சு. காரணம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எனினும் தமிழர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தனர் என்று நாம் பெருமை பேசிவிடலாகாது. அவர்கள் கையில் நல்வழக்கம் இருந்தது. அதன் காரணத்தை அறிவியலே வெளிப்படுத்தியது. வழக்கத்தையும் காரணத்தையும் ஒருங்கே கற்பிப்பதே கல்வி.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பி1 சத்து மிகக் குறைந்தால் காலும் இதயமும் மட்டும் கெடுவதில்லை, மூளையும் கெடும். 1881-இல் வெர்னிக்கேயும் 1887-இல் கொர்சாக்கோவும் தனித்தனியே எழுதிவைத்த குழப்பமும் மறதியும் பின்னர் இச்சத்துக் குறைவோடு இணைக்கப்பட்டன. சரியாக உண்ணாமல் நெடுங்காலம் குடிப்பவர்க்கு இது நேரும். சம்சு என்னும் மலிவுச் சாராயம் நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ‘குடித்துக் குடித்துப் புத்தி கெட்டுவிட்டது’ என்று நாம் சொன்னவர்களுள் சிலர் மருந்தும் சத்தும் வேளைக்குக் கிடைத்திருந்தால் தேறியிருக்கக்கூடும்.

விலை கொடுத்தவர் யாவர்?

இவ்வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பிராடன், பிளெட்சர், ஃபிரேசர், ஸ்டாண்டன் என்று மருத்துவர் பெயர்களைச் சொல்கின்றன. கிழக்குப் பிரிவில் இருந்து இறந்த 18 பேரின் பெயர்களை நாம் அறியோம். ‘உங்களைச் சோதனைக்கு உட்படுத்தலாமா?’ என்று அவர்களிடம் இசைவு பெறும் முறை அன்று இல்லை. எண் ஒற்றைப்படையாக வந்தது ஒன்றே அவர்கள் செய்த பிழை.

அவர்கள் உண்டது புதிதாகக் கொடுத்த உணவன்று, முன்பே உண்டுவந்த உணவுதான் என்று பிளெட்சர் சார்பில் கூறலாம். அது உண்மையே. ஆயினும் ஒரு பக்கத்தில் மட்டும் சாவு தொடர்வதைக் கண்டபோதும் ஆண்டு முடியும்வரை காத்திருந்ததை இன்றைய அறம் ஏற்காது. 1947-இல் நியூரம்பெர்க்கிலும் 1964-இல் ஹெல்சிங்கியிலும் வகுக்கப்பட்ட நெறிகள், ஆய்வுக்கு உட்படுவோரின் நலனும் இசைவும் முதன்மையானவை என்று வலியுறுத்தின. பெரிபெரியின் காரணத்தை உலகுக்குக் காட்டியவர்களுள் மனநோயாளரும் அடங்குவர். அந்தக் கடனை நாம் எவ்வாறு திருப்பிச் செலுத்தினோம் என்பதே கேள்வி.

பிற நாடுகளில் கண்டவை

கோலாலம்பூரில் நடந்தது தனித்த நிகழ்ச்சியன்று. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ரிச்மண்டு மனநோயகத்தில் 1890-களில் பெரிபெரி பலமுறை பரவியது. அரிசி உண்ணாத அந்நாட்டில் வெள்ளை ரொட்டியே அவர்களின் முதன்மை உணவாக இருந்தது. அன்று பலரும் நெரிசலையும் ஒட்டுநோயையுமே காரணமாகக் கூறினர்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லட்ஜ்வில் என்னும் ஊரில் பெரியதொரு மனநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே பெலாக்ரா என்னும் நோய் நோயாளரை வாட்டியது. 1914-இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவர், நோயாளரைப் பிடிக்கும் இந்நோய் அவர்களோடு நாள்முழுதும் பழகும் பணியாளரை மட்டும் பிடிக்காதது ஏன் என்று கேட்டார். ஒட்டுநோயானால் பணியாளரையும் ஒட்டவேண்டுமே! பணியாளர் வேறு உணவு உண்டனர், அதுவே விடை. பாலும் இறைச்சியும் பருப்பும் சேர்த்த உணவு கொடுத்தபின் அந்நோயாளரிடையே பெலாக்ரா திரும்பவில்லை. பெலாக்ரா முற்றினால் அறிவு மயங்கும். ஆகவே சத்துக் குறைவினாலேயே அறிவு மயங்கி அவ்விடுதிக்கு வந்தவர்களும் இருந்தனர். பசியைப் பித்து என்று எழுதிவைத்திருந்தனர்.

நம் பக்கத்து நாடாகிய சிங்கப்பூரோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. சப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, சாங்கி முகாமில் சிறைப்பட்டிருந்தவர்களுள் ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவரும் ஒருவர். பெரிபெரி முதலிய சத்துக் குறைவு நோய்களோடு சிறையாளரின் மனமும் தடுமாறுவதை அவர் கண்டார். மனநோய்க்கும் உடலில் காரணம் இருக்கக்கூடும் என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற்றது. நாடு திரும்பிச் செய்த ஆய்வின் பயனாக, மனவெழுச்சி நோய்க்கு லித்தியம் பயன்படும் என்பதை 1949-இல் வெளியிட்டார். இன்றும் வழங்கும் மருந்து அது. அதனை உண்போர்க்கு இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் காலந்தோறும் சோதித்துவரவேண்டும். உடலைப் பார்க்காமல் மனத்துக்கு மருந்து கொடுக்க இயலாது என்பதற்கு அம்மருந்தே சான்று.

விடுதியிலிருந்து வீட்டுக்கு

பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. இன்று அது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எனப்படுகிறது. ஜொகூரில் தம்போய் மருத்துவமனை 1937-இல் எழுந்தது. இன்று பெர்மாய் மருத்துவமனை. நம் மலாக்கா பழைய நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாக இருந்தமையால், முற்காலத்தில் இங்குள்ள மனநோயாளர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். பிற்காலத்தில் தம்போய் நம்மவர்க்குப் பழகிய பெயராயிற்று. மெர்லிமாவிலிருந்து தம்போய்க்குப் போவது அந்நாளில் ஒரு முழுநாள் பயணம். பலருக்கு அது திரும்பாப் பயணமாகவும் முடிந்தது.

அத்தகைய விடுதிகளின் குறைகள் பல. நெரிசல், தனிமை, ஆண்டுக்கணக்கில் அடைபட்ட வாழ்வு ஆகியவற்றை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் ஒன்று: அங்கே நோயாளரின் மனத்துக்கும் உடலுக்கும் உலையில் வேகும் அரிசிக்கும் பொறுப்பு ஒரே மருத்துவரிடம் இருந்தது. அதனாலேயே பிளெட்சரால் அரிசியை மாற்ற முடிந்தது.

1952-இல் பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. அதன்பின் உலகெங்கும் விடுதிக் கதவுகள் மெல்லத் திறந்தன. நோயாளர் வீடு திரும்பினர். நம் நாட்டிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் மனநோய்க்கு மருந்து பெறும் வழி ஏற்பட்டது. 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்து, ஊர்களிலேயே மனநல மையங்கள் அமைய இடம் தந்தது. இவை யாவும் பெரும் நன்மைகள். ஆனால் வீடு திரும்பியவரின் உடலுக்குப் பொறுப்பு யார் என்பது தெளிவாகவில்லை. மனத்துக்கு ஓர் அறை, இரத்தக் கொதிப்புக்கு வேறோர் அறை, இனிப்புநீருக்கு மற்றோர் அறை என்று பிரிந்தன. நலமாக உள்ளவரே அறை அறையாக ஏறி இறங்கச் சலிப்பர். மனம் தளர்ந்தவர் என் செய்வார்?

இன்றைய பெரிபெரி

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தற்கொலையே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவர். அது ஒரு பகுதியே. பெரும்பகுதி, இதய நோய், இனிப்புநீர், நுரையீரல் நோய், தொற்றுநோய் ஆகிய உடல் நோய்களால் நேர்வது. அவற்றுள் பல தடுக்கக்கூடியவை.

காரணங்கள் பல. புதிய மனநோய் மருந்துகளுள் சில உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டும். புகைப்பழக்கம் இவர்களிடையே மிகுதி. வறுமையும் தனிமையும் உணவைக் கெடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இவர்கள் சொல்லும் நோவை மற்றவர் நம்புவதில்லை. மனநோயின் நிழல் உடல்நோயை மூடிவிடுகிறது.

இதற்கு நானே சான்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் மனநோய்க்கு மருந்து எடுத்துவந்தார். பள்ளி வாயிலில் என்னைக் காணும்போதெல்லாம், ‘கால் எரியுது வாத்தியாரையா, எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது’ என்பார். ‘மருந்தை ஒழுங்காச் சாப்பிடுங்கம்மா’ என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். சிகிச்சைக்குச் சென்ற இடத்திலும், ‘அது உங்கள் பழைய நோய்தான்’ என்றே சொல்லி அனுப்பினராம். வீட்டாரும் அவ்வாறே நினைத்தனர். காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் கறுத்தபின்புதான் சர்க்கரை அளவு பார்க்கப்பட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டனர்.

கால் எரிச்சலும் தீராத் தாகமும் இனிப்புநீரின் அறிகுறிகள் என்பதை நான் அறியாதவன் அல்லேன். என் சொந்த அண்ணன் அவ்வாறு சொல்லியிருந்தால் அன்றே அழைத்துச் சென்றிருப்பேன். அந்த அம்மாள் சொன்னபோது என் காதில் விழுந்தது கால் அன்று, அவருடைய மனநோய். கட்டடத்தைக் கழுவிய பழைய மருத்துவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை.

2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாக நோக்கினால் இந்தியரிடையே அது மிகுதி. அத்துடன் மனநோயும் மருந்தின் விளைவும் சேர்ந்தால் இடர் எத்தகையது என்பதைக் கூறவேண்டுமோ? ஒரு காலத்தில் உணவால் பெரிபெரியிலிருந்து தப்பிய இனம், இன்று உணவும் உடலுழைப்புக் குறைவும் சேர்ந்து வரும் நோயில் முன்னணியில் நிற்கிறது.

செய்யத்தக்கது

மருத்துவ உலகம் இதற்கு வழி வகுக்காமல் இல்லை. 2004-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் பிறரும் கூடி, இம்மருந்துகளைத் தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும் என்றும், பின்னரும் காலந்தோறும் பார்த்துவரவேண்டும் என்றும் பரிந்துரைத்தனர். 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம், கடுமையான மனநோய் உள்ளவர்களின் உடல்நோய்களைக் கவனிப்பதற்கென்றே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. ஓர் எடைப்பொறி, ஓர் அளவுநாடா, ஓர் இரத்த அழுத்தக் கருவி, விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் ஆகியவையே இதற்கு முதலில் வேண்டுபவை. மனநல மருந்து வழங்கும் இடத்திலேயே, அதே நாளில், அதே கையால் இவற்றைப் பார்த்துவிட்டால் ஒருவர் மூன்று வாயில்களில் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவது இதற்குத் தீர்வாகாது என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். எடை கூடினால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றவோ அளவைத் திருத்தவோ வழியுண்டு.

பழைய தோட்ட வாழ்வில் டிரசர் ஒருவர் இருந்தார். காய்ச்சலுக்கும் அவரே, காயத்துக்கும் அவரே, பேறுகாலத்துக்கும் அவரே. அவருடைய மருத்துவ அறிவு சிறிது. ஆனால் லயத்தில் யார் யாருக்கு என்ன நோய் என்பதை அவர் அறிவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் மெர்லிமாவ், ஜாசின் போன்ற பட்டணங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் சிதறியபின் அத்தகைய ஒருவர் இல்லை. அவ்விடத்தில் ஓரளவேனும் நிற்கக்கூடியவர் இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. எந்த மாணவனின் வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். மருத்துவம் செய்வது நம் வேலையன்று. ‘சர்க்கரை பார்த்தீர்களா? இரத்த அழுத்தம் பார்த்தார்களா?’ என்று கேட்பதும், சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அவர் சொல்ல நினைப்பதை ஒரு தாளில் எழுதிக்கொடுப்பதும் நம்மால் ஆகும்.

அடுத்த முறை உணவுப் பாடம் நடத்தும்போது, பி1 என்னும் அந்த ஒரு வரியோடு நிறுத்தாமல், கோலாலம்பூர் விடுதியில் இருந்த இரண்டு பிரிவுகளையும் மாணவர்க்குச் சொல்வோம். ஒற்றை எண் வந்தவர்க்கு நேர்ந்ததையும் இரட்டை எண் வந்தவர்க்கு நேர்ந்ததையும் அவர்கள் கேட்கட்டும். அவ்வகுப்பில் வீட்டுக் கவலையோடு அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். தன் தாயோ தந்தையோ சொல்லும் வலி உண்மையான வலிதான் என்பதை அப்பிள்ளை நம் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.